அய்யனார் காட்டுக்கு நான் வாங்கிக் கொடுத்த பூஜ்யம்

ஒரு பெண் எங்கள் அய்யனார் கோயில் காட்டுக்குள் குப்புறப் படுத்திருந்தாள். கையில் இரும்பு ஸ்கேல். கன்னத்தை மண்ணில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கேலைத் தரையில் குத்தி நிறுத்தி எதையோ உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "பூஜ்யம்" என்றாள்.

பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் படுத்தாள். "இங்கயும் பூஜ்யம்."

எங்கள் ஊரில் அதற்கு முன்னால் பூஜ்யம் வாங்கியவள் நான்தான். மூன்றாம் வகுப்புக் கணக்கில். வாத்தியார் அதை ஒழுங்கான வட்டமாகக்கூடப் போடவில்லை, அவசரத்தில் கோழி இட்ட முட்டை மாதிரி போட்டார். அத்தோடு என் சிலேட்டு எங்கள் ஆத்தாளின் உப்புச் சட்டிக்கு மூடியானது. என் படிப்பும் அதோடு மூடியது.

அதனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. காட்டுக்கு விழுந்த அந்தப் பூஜ்யமும் என் கைவேலைதான்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. போன வாரம் நான் வாயால் சொல்லி இந்தப் பத்திரிகையில் வந்த, என் பல்செட்டு பந்தியில் பாயச வாளிக்குள் விழுந்த கதையைப் படித்துவிட்டு, கீரனூரிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார். வயதுக்குத் தகுந்த மரியாதையோடு பேச வேண்டுமாம். அம்மா, இந்த வாரம் தவளை. மரியாதைக்கு இதிலும் வழியில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மார்க் போட வருகிற ஆள்

எங்கள் ஊர் குளத்தூர் தாலுகாவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் செம்மண், சரளை, தைல மரம். நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் உச்சி வெயிலிலும் இருட்டாக இருக்கும். அதுதான் அய்யனார் காடு. வீரை, பாலை, காசான், குருந்து என்று மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். அதற்குள் மண் குதிரைகள். குதிரைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. குட்டைக்குப் பக்கத்தில் கிழக்குத் தெருக் கிணறு.

குட்டை நிறைந்தால் கிணறு நிறையும். குட்டை காய்ந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பாடம் இவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் புதுத் தார் ரோடு வருகிறது என்றார்கள். காட்டைச் சுற்றிப் போனால் தூரம், குறுக்கே போனால் கிட்டம். ஒருநாள் காட்டுக்குள் சிவப்புப் பெயிண்டு அடித்த கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கல் குட்டைக்கு இந்தக் கரையில், அடுத்த கல் அந்தக் கரையில். குட்டையை மூடினால் கிணறும் போச்சு என்று பெண்களுக்குத் தெரிந்தது. ஆண்களுக்குப் பஸ் வரும் என்பது மட்டும் தெரிந்தது.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். கைநாட்டு வைத்தவர்கள் பாதி, கையெழுத்துப் போட்டவர்கள் பாதி. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பதில் வந்தது. காடு நல்ல நிலையில் இருக்கிறதா, அதில் தவளைகள் வாழ வசதி உண்டா என்று பார்க்க ஒரு ஆள் வருவார். நல்ல காடு என்று எழுதினால் ரோடு சுற்றிப் போகும். கெட்டுப்போன காடு என்று எழுதினால் நேராகப் போகும்.

"நம்ம குடிக்கிற தண்ணிக்கு மனுக் குடுத்தா, தவக்களைக்கு வசதி பாக்க வாராங்களாம். நம்ம என்ன மதினி, தவக்களைக்கும் கீழயா?" என்று கேட்டாள் மூக்காயி. மூக்காயி என் வீட்டுக்காரருடைய தங்கை. ஐம்பது வருடமாக எனக்கு நாத்தனார், அறுபது வருடமாக ஊருக்கு வாய்.

"கத்திக் கத்திக் காரியம் சாதிக்கிறதுல ஒனக்கும் அதுக்கும் என்னடி வித்தியாசம்? நீயும் அந்தக் கணக்குல வந்துருவ, கவலப்படாத" என்றேன்.

எங்கள் பிரசிடெண்டு நல்ல மனிதர். மைக்கைக் கையில் கொடுத்தால்தான் கொஞ்சம் பிசகுவார். கோயில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "நம்ம காட்டுக்கு மார்க் போட நாளன்னிக்கி மேடம் வாராங்க. காடு பளிச்சுன்னு இருக்கணும். ஒரு குப்பை, ஒரு செத்தை கண்ணுல படக் கூடாது. ஃபுல் மார்க் வாங்குறோம்!"

யார் வந்தாலும் எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். பெரிய அதிகாரி என்றால் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பவுடர் கோடு போடுவோம். அவர் காரை விட்டு இறங்கவே மாட்டார், ஆனாலும் கோடு போடுவோம். காட்டுக்கும் அதே முறைதான் என்று நினைத்தோம்.

இருபது பெண்கள், இருபது விளக்குமாறு. நான்தான் மேஸ்திரி. ஒரு சருகு விடாமல் கூட்டினோம். விழுந்து மக்கிக் கிடந்த கட்டைகளை அப்புறப்படுத்தினோம். மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தோம். குட்டையைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவி, மாக்கோலம் மாதிரி ஒரு வட்டம் போட்டோம். முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அய்யனாரே, "இது யார் வீடு?" என்று கேட்பது போல உட்கார்ந்திருந்தார்.

நாளை மறுநாள் வருவதாகச் சொன்ன மேடம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தாள். அதுவரை விட்டோமா? தினம் காலையில் போய், ராத்திரி விழுந்த சருகையும் கூட்டி எடுத்தோம்.

ஆறு வண்டிச் சருகு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

அய்யனார் காட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பழம் பறித்தால் அங்கேயே தின்றுவிட வேண்டும். காலில் செருப்புக் கூடாது. இது எங்கள் ஊர்ச் சட்டம்.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஆடு ஓட்ட நல்ல நேரான குச்சி ஒன்று வேண்டியிருந்தது. காட்டில் ஒரு காசான் குச்சி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். என் மாமியார் மூலையில் இருந்த குச்சியைப் பார்த்துவிட்டார்.

"அடப்பாவி, அய்யனாரு காட்டுக் குச்சியாடா இது?"

வீட்டுக்காரருக்குத் தான் எடுத்த ஞாபகம் இல்லை. எடுக்கவும் இல்லை. ஆனாலும் மறதியில் எடுத்திருப்போம் என்று பயந்து, காய்ச்சலோடு போய்க் குச்சியைத் திரும்ப வைத்து, முழ உயரத்தில் ஒரு மண் குதிரையும் நேர்ந்து வைத்தார். அந்தக் குதிரை இன்னும் இருக்கிறது, ஒரு காது மட்டும் இல்லை. அவர் கண்ணை மூடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்தது குச்சியால் அல்ல, சந்தையில் வாங்கிய கெட்டுப்போன மீனால் என்பது என் கட்சி. அந்த மீனைச் சமைத்ததும் நான்தான். எப்படி விசாரித்தாலும் குற்றவாளி ஒருத்திதான் வருகிறாள்.

இனி சருகுக்கு வருவோம். கூட்டிய சருகு மலையாகக் குவிந்துவிட்டது. வெளியே கொண்டுபோகக் கூடாதே, என்ன செய்வது என்று கேட்டபோது, "காட்டு எல்லையிலயே கொளுத்திருங்க. அய்யனாருகிட்டயே போயிருச்சுன்னு அர்த்தம்" என்றார் பூசாரி.

"நான் பாத்துக்கிறேன், நீங்கள்லாம் போங்க" என்றேன்.

அப்படிச் சொன்னபோது என் கண் முன்னால் நின்றது அய்யனார் அல்ல, என் கொல்லையில் இருந்த கத்திரிச் செடிகள். எங்கள் சரளை மண்ணில் ஒரு செடி நிமிர வேண்டுமென்றால் அதற்கு மக்கின உரம் வேண்டும். இங்கே மலையாகச் சருகு. அதை நெருப்புக்குக் கொடுப்பார்களா யாராவது? என் தங்கை மகனிடம் ஒரு குட்டியானை வண்டி இருக்கிறது. பூசாரி அனுமதி கொடுத்துவிட்டார் என்று அவனிடம் சொன்னேன். ஊர் சாப்பிட்டுக் கண் அசந்த நேரமாகப் பார்த்து ஆறு நடை அடித்தோம். ஆறு வண்டிச் சருகும் என் வீட்டுக் குப்பைக் குழிக்குள் போனது. எல்லையில் இரண்டு கூடைச் சருகை மட்டும் கொளுத்தினேன். புகை வர வேண்டுமே.

அய்யனார் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபம்

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. கீரனூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா விவசாயி. தவளையைப் பற்றி மட்டும் பல வருடம் படித்ததாகச் சொன்னாள். நான் மூன்று வருடத்தில் மொத்தப் படிப்பையும் முடித்தவள்.

பாம்புக்குப் பயந்து முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள். எல்லையில் பூசாரி கையை நீட்டித் தடுத்தார். "செருப்பு ஆகாது தாயி."

ஸ்டெல்லா அங்கேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நீ வேதக்காரப் பொண்ணுதான? போட்டுக்க ஆத்தா, எங்க சாமி ஒன்னய ஒண்ணும் கேக்காது" என்றாள் மூக்காயி.

"வீட்டுக்கு உரியவரு சொல்றதைத்தானங்க கேக்கணும். நான் விருந்தாளி" என்றாள் ஸ்டெல்லா.

பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம் வைத்திருந்தாள். அதைத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கிறதை எல்லாம் எண்ணுவாள். கட்டம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்று. அதை இடுப்பளவில் பிடித்தால் மேலே இருக்கிற மரக்கிளை அதில் தெரியும். எத்தனை கட்டத்தை இலை மறைக்கிறது என்று எண்ணினால் நிழலின் அளவு தெரியுமாம். நான் அதை வாங்கி என் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தனை கட்டத்தை மறைக்கிதுங்க அப்பத்தா?" என்று கேட்டாள்.

"அம்புட்டையும்."

"அப்ப ஃபுல் மார்க்" என்றாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

நிழலுக்குக் காடு நல்ல மார்க் வாங்கியது. பிறகுதான் அவள் குப்புறப் படுத்தாள். சருகு எத்தனை விரல் கனம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். பூஜ்யம். மக்கின கட்டைகள் எத்தனை? பூஜ்யம். குட்டைக் கரைக்குப் போனாள். அந்த வெள்ளை வட்டத்தைத் தொட்டு முகர்ந்தாள். முகம் செத்துப்போனது.

"இது என்னங்க?"

"பிளீச்சிங் மேடம்! நீங்க வாரீங்கன்னுதான்" என்றார் பிரசிடெண்டு, மாப்பிள்ளையின் அப்பா மாதிரி.

அவள் விரலில் ஒட்டிய பவுடரைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தவளை தோலாலயும் மூச்சு விடும்ங்க. தோலாலயேதான் தண்ணியும் குடிக்கும். அது இந்தப் பவுடர் மேல உக்காந்தா என்ன ஆகும்? சருகுதான் அதுக்கு வீடு. வெயில் காலத்துல அதுக்கடியில போயித்தான் ஒளியும். ஈரம் அங்கதான் இருக்கும், திங்கிற பூச்சியும் அங்கதான் இருக்கும். அதைக் கூட்டிட்டா, தவளைக்கு இது காடு இல்லங்க. கல்யாண மண்டபம்."

"கல்யாண மண்டபம்னா நல்ல மார்க்குதான மேடம்?" என்றார் பிரசிடெண்டு.

ஸ்டெல்லா கேட்டாள்: "கூட்டுன சருகெல்லாம் எங்கிட்டு இருக்கு?"

இருபது பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கொளுத்தியாச்சு."

"சாம்பல்?"

"காத்துல போயிருச்சு."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும். இம்புட்டுச் சருகு மறுபடி தானாச் சேர ரெண்டு மூணு வருசமாகும். இப்போதைக்குக் கெட்டுப்போன காடுன்னுதான் எழுதணும். சாயங்காலம் ரிப்போர்ட்டை அனுப்பிருவேன்."

மூக்காயி இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். வெறும் குடம். அது தரையில் பட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டது. மெத்தென்று சருகு கிடந்திருந்தால் கேட்டிருக்காது.

கொல்லையில் ஒரு தொப்

செருப்பில்லாமல் நடந்ததில் ஸ்டெல்லாவின் காலில் முள் ஏறியிருந்தது. என் வீடுதான் பக்கம். கால் கழுவ அழைத்துப் போனேன். அவள் கொல்லைக் கல்லில் உட்கார்ந்தாள். நான் மோர் கொண்டுவந்தேன். என் ஜாக்கெட் ஊக்கைக் கேட்டு வாங்கி முள்ளைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது சருகுக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.

கையில் ஊக்கோடு எழுந்து நின்றாள். மீன் வாசனை பிடித்த பூனை மாதிரி நேராகக் குப்பைக் குழிக்குப் போனாள். குளிக்கிற தண்ணீர் போய் விழுகிற குழி அது. எப்போதும் ஈரம். மேல் சருகை விலக்கினாள். ஒரு தேரை. அடுத்த பிடியை விலக்கினாள். கட்டை விரல் நுனியளவு குட்டித் தவளைகள் நாலு. இன்னும் கீழே, முதுகில் செங்காவிக் கோடு போட்ட ஒரு தடித்த தவளை. ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்தப் பக்கத்துக்கே சொந்தக்காரி மாதிரி. எண்ணினாள். பதினேழு.

"நான் இன்னிக்கிப் பாத்ததுலயே நல்ல எடம் இதுதான்" என்றாள் தனக்குள். பிறகு ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்பத்தா, இது வீரை எலையாச்சே. வீரை மரம் காட்டுக்குள்ளதான இருக்கு? இங்க எப்டி வந்துச்சு?"

"காத்துல வந்துருக்கும்."

"சாம்பலும் காத்துல போச்சு, எலையும் காத்துல வந்துச்சா?"

எழுபது வயதில் எனக்கு மிஞ்சியது நாலு சொந்தப் பல்லும் ஒரு பெயரும்தான். 'அழகம்மாளுக்கு வாய்தான் கெட்டது, கை சுத்தம்' என்று ஊர் சொல்லும். அந்தக் கைதான் அப்போது முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"சொல்லிருவியா?" என்று கேட்டேன்.

"மாட்டேன். அது ஒங்களுக்கும் அய்யனாருக்கும் உள்ள வெவகாரம்" என்றாள். "ஆனா சருகு இருக்குன்னு தெரிஞ்சா, நான் வேற மாதிரி எழுதலாம். காடு தானாக் கெடல, ஆளுக கூட்டிட்டாங்க, சருகைத் திரும்பப் போடுறாங்க, மழைக்குப் பெறகு இன்னொரு தடவ பாக்கணும்னு எழுதலாம். அதுக்கு ஊரு முன்னாடி நீங்க சொல்லணும்."

"நீயே கண்டுபிடிச்சதா எழுதிக்கயேன்."

"நான் சொன்னா, நீங்க அகப்பட்டுக்கிட்டதா ஆகும். நீங்க சொன்னா, நீங்களே குடுத்ததா ஆகும்."

மோரைக் குடித்துவிட்டு லோட்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நொண்டிக்கொண்டே ஸ்கூட்டிக்குப் போனாள். நான் அவள் காலைப் பார்த்தேன். எங்கள் சாமி யாரென்றே தெரியாத பெண், அது சொன்னதற்காக முள் குத்திக்கொண்டு போகிறாள். நான் ஐம்பது வருடம் கும்பிட்டு, ஆறு வண்டி அடித்திருக்கிறேன்.

"இரு ஆத்தா, நானும் வாரேன்" என்றேன்.

"பொகை கொஞ்சமாத்தான் வந்துச்சு"

காட்டு எல்லையில் கூட்டம் கலையவில்லை. பிரசிடெண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய் நடுவில் நின்றேன். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் ஊரையே சிரிக்க வைத்த வாய் எனக்கு. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

"சருகைக் கொளுத்தல. எங்க வீட்டுக் குப்பைக் குழியில கெடக்கு. நான்தான் அள்ளிட்டுப் போனேன்" என்றேன். இவ்வளவு சின்னதாக நான் எந்தக் கதையும் சொன்னதில்லை.

முதலில் வாயைத் திறந்தது மூக்காயி.

"நான் அப்பவே நெனச்சேன் மதினி. அம்புட்டுச் சருகுக்குப் பொகை கொஞ்சமாத்தான் வந்துச்சு."

"நெனச்சவ அப்பவே கேக்க வேண்டியதுதானடி?"

"நீ கத்திரிக்கா குடுப்பன்னு இருந்தேன்."

பிரசிடெண்டு எழுந்தார். "ஏன் ஆத்தா, நான் சுத்தம் பண்ணுங்கன்னுதான சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னா சொன்னேன்?"

"நீ சுத்தம் பண்ணச் சொன்னதுதானய்யா மொதக் கோளாறு" என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "எடுத்தவ கையாலயே வரணும். வண்டியில வரக் கூடாது. தலையில கூடை, கால்ல செருப்பில்ல. கடைசிச் சருகுவரைக்கும் நீதான்" என்றார்.

ஸ்டெல்லா ஸ்கூட்டி சீட்டில் காகிதத்தை வைத்து எழுதினாள். சாட்சிக்குப் பதினெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். எனக்கு எதிராக ஊர் அவ்வளவு ஒற்றுமையாக நின்று நான் பார்த்ததில்லை.

தலையில் கூடை, கூடையில் தேரை

வண்டியில் ஆறு நடையாகப் போனது கூடையில் எத்தனை நடையாகும் என்று கேட்காதீர்கள், கணக்கில் நான் வாங்கிய மார்க்கைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. புரட்டாசி வெயில். விடிந்ததும் ஆரம்பித்தால் வெயில் ஏறுகிறவரை நடப்பேன். தெருவில் எல்லா வாசலிலும் ஆள். சிலர் டீயோடு வந்து நின்றார்கள்.

சருகோடு அதில் குடியிருந்தவர்களும் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தேரை கூடையிலிருந்து என் கொண்டைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு கையும் கூடையில். பிள்ளையார் கோயிலிலிருந்து அய்யனார் எல்லைவரை அது என் தலையில் உட்கார்ந்து ஊர்வலம் வந்தது. அதற்கு முன் எனக்கு அந்தத் தெருவில் அத்தனை பேர் எழுந்து நின்றதில்லை.

பிரசிடெண்டும் சும்மா இருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு ஆண்களோடு குட்டைக் கரையில் பவுடர் பட்ட மண்ணைச் சுரண்டி அள்ளி, தண்ணீர் போகாத தூரத்தில் குழி தோண்டி மூடினார். மைக் இல்லாமல் அவர் ஒரு வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் காலை போனால், காட்டுக்குள் ஏழு கட்டைகள் கிடந்தன. சுத்தம் செய்தபோது அப்புறப்படுத்திய அதே மக்கின கட்டைகள். முந்தின நாள் சாயங்காலம்வரை இல்லை. அய்யனார் காட்டில் கட்டை ராத்திரியில் முளைத்திருக்கிறது! அடுத்த நாள் இன்னும் ஐந்து.

ஆறாம் நாள் மூக்காயியே தோளில் ஒரு கட்டையோடு எதிரே வந்தாள். ஒரு முனை கரியாக இருந்தது.

"ஏண்டி, அது எங்கன கெடந்துச்சு?"

"வழியில கெடந்துச்சு மதினி."

"ஒன் அடுப்பங்கரை எப்படி வழியாச்சு?"

அவள் கட்டையைக் கீழே போட்டாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் நடுக்காட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் எழுந்து போய், என் வீட்டிலிருந்து ஒரு கூடைச் சருகைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பூசாரி நான் மட்டுந்தான் தூக்கணும்னாரு" என்றேன்.

"பூசாரி வீட்டு அடுப்புக்குள்ள எட்டிப் பாத்தியா நீ?" என்றாள்.

அன்றிலிருந்து யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூடைகள் அதிகமாயின.

வாயை மூடிய பத்து நிமிடம்

ஐப்பசியில் மழை கொட்டியது. மூன்று நாளில் குட்டை நிறைந்தது. நாலாம் நாள் அந்தி மயங்குகிற நேரத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். எல்லையில் அவளே பூட்ஸைக் கழற்றினாள். பூசாரி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேலைக் குத்தினாள். "மூணு விரக்கடை" என்றாள். பழைய கனம் இன்னும் வரவில்லை, ஆனால் பூஜ்யம் போய்விட்டது. பிறகு குட்டைக் கரையில் எங்களை உட்கார வைத்தாள். பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, அவள் சத்தத்தை எண்ண வேண்டும்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை அதுதான். ஆறு வண்டிச் சருகைத் திரும்பச் சுமந்துவிட்டேன். பத்து நிமிடம் வாயை மூடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மூக்காயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாம் செத்துப் போய்விட்டனவோ, பவுடர் தின்றுவிட்டதோ என்று.

பிறகு அந்தக் கரையில் ஒன்று, சீப்பின் பல்லை நகத்தால் இழுக்கிற மாதிரி. அதற்கு இந்தக் கரையில் ஒரு பதில். இன்னொன்று, காலிக் குடத்துக்குள் தும்முகிற மாதிரி. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில். ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

ஸ்டெல்லா எழுதிக்கொண்டே இருந்தாள். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நான் பேசவில்லை. பத்து நிமிடம் முடிந்தது என்று அவள் கையைக் காட்டிய பிறகும், நாங்கள் யாரும் பேசவில்லை.

கடைசிக் கட்டம்

பொங்கல் கழிந்து சிவப்புக் கற்களைப் பிடுங்க ஆள் வந்தார்கள். காட்டுக்கு வெளியே, தைல மரத் தோப்பு ஓரமாக மறுபடி நட்டார்கள். ரோடு இப்போது சுற்றித்தான் போகிறது. பஸ்ஸும் வருகிறது. வளைவு அதிகம் என்று டிரைவர் எங்கள் ஊரைத் திட்டுகிறார். திட்டட்டும், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

ரிப்போர்ட்டின் நகல் ஒன்று பஞ்சாயத்துக்கு வந்தது. பிரசிடெண்டு படிக்க ஆரம்பித்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு அரை நாள் ஆகும். ஆகட்டும்.

நிழல், நன்று. சருகு, மீண்டு வருகிறது. குட்டை, நன்று. ஒரு கட்டத்தில், 'பிற ஈர இடங்கள்: கிழக்குத் தெரு, ஒரு வீட்டுக் குப்பைக் குழி, பதினேழு' என்று இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். 'காட்டுக்கு உள்ள ஆபத்துகள்' என்று தலைப்பு. அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக: தார் ரோடு. தைல மரம். பிளீச்சிங் பவுடர்.

நாலாவதாக ஒரு வார்த்தை. வி-ள-க்-கு-மா-று.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். "ஏன் ஆத்தா, வெளக்குமாத்தை எழுதியிருக்க, எம்பேரை எழுதலையே?"

"பேரு எழுத அதுல எடமில்லங்க அப்பத்தா" என்றாள். "ஆனா இப்பல்லாம் எந்த ஊரு கோயில் காட்டுக்குப் போனாலும், ஸ்கேலை எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"என்னத்த?"

"'நான் வாரேன்னு கூட்டுனீங்களா?'ன்னு."

பதினேழையும் அய்யனாரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று பூசாரிக்குச் சொல்லியிருக்கிறேன். பதினாறைத்தான் ஒப்படைத்தேன். அந்தச் செங்காவிக் கோடு போட்டவள் அரைக் கூடைச் சருகோடு இன்னும் என் குழியில்தான் இருக்கிறாள். மூன்று தடவை கொண்டுபோய் விட்டேன், மூன்று தடவையும் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன். இந்த வருடம் என் கத்திரிக்காயில் ஒரு புழு இல்லை.

பூசாரி இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. மூக்காயிக்குப் படிக்கத் தெரியாது. கீரனூர் அம்மா, இந்த ரகசியம் இனி உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்.